தேறும், தேறாது

பாலத்தில் பாதி தூரம் வந்த பிறகுதான், கையில் இன்னும் அந்தப் புல்லி இருப்பதைக் கவனித்தேன்.

உள்ளங்கை அளவு வார்ப்பிரும்புச் சக்கரம். நடுவில் ஓட்டை, விளிம்பில் கயிறு ஓடுவதற்கான பள்ளம். பட்டறையில் அதைத் தூக்கிக் காட்டிப் பேசிய கை, அதை வைக்காமலேயே என்னோடு கிளம்பி வந்துவிட்டது. கீழே அடையாறு ஆகாயத்தாமரைக்கு அடியில் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றில் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். திரும்பிப் போய்க் கொடுத்துவிடலாமா என்றும் நினைத்தேன். இரண்டையும் செய்யாமல் பேன்ட் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். அடிக்கு ஒரு தடவை தொடையில் இடித்தது.

ஈக்காட்டுத்தாங்கலில் அந்தப் பட்டறையில் எனக்கு ஒரே வேலைதான். சின்ன சரக்கு லிஃப்டுகளுக்குப் போகும் புல்லிகளை இரண்டு தட்டில் பிரித்து வைப்பது. ஒரு தட்டின் பெயர் 'தேறும்'. இன்னொன்றின் பெயர் 'தேறாது'. ஒவ்வொன்றையும் கம்பியில் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டுவேன். கணீர் என்று சத்தம் வந்தால் தேறும். மொண்ணையாக வந்தால் உள்ளே எங்கேயோ விரிசல் என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். ஏழு மாதம் வேறு எதையும் கேட்காமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பொறுத்தவரை அது நீண்ட காலம்.

அன்று காலை சரக்கு எடுத்துப்போக ஆள் வந்திருந்தார். எண்ணிக்கை குறைந்ததால் முதலாளி முந்தின சாயங்காலமே இரண்டு தட்டையும் ஒன்றாகக் கொட்டிவிட்டிருந்தார். அது எனக்குத் தெரியும். வந்தவர் சும்மா பேச்சுக்குத்தான் என்னிடம் கேட்டார்: "எல்லாம் ஓகேதானேப்பா?"

"பத்துக்கு நாலு தேறாது சார்" என்றேன். ஒன்றை எடுத்துத் தட்டியும் காட்டினேன்.

முதலாளியை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைத் தனியாக அழைத்துப் போனார். கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"உன்ன எவன்டா கேட்டான்?"

"அவருதான் நைனா கேட்டாரு."

"கேட்டா, 'பாக்கலாம் சார்'னு சொல்லணும். பாக்கலாம். ஒரு வார்த்த. ஊரே சொல்லிக்கினு கீது, உன் வாயில மட்டும் அது வராதா?"

வரவில்லை. அதுவரைக்குமான கூலியைக் கேட்டேன், கொடுத்தார். வாங்கிக்கொண்டு நடந்தேன். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அந்த ஏழு மாதமும் மதியச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்துதான் வந்தது.

இல்லை என்று சொல்லாத ஊர்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு நான் எத்தனை வேலையை விட்டு நடந்திருக்கிறேன் என்று தெரியும். நானே கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒவ்வொரு வேலையிலும் 'முடியாது' என்பதற்கு ஒரு வார்த்தை வைத்திருந்தார்கள். அது எல்லாம் நினைவிருக்கிறது.

அன்று நடந்த வழியில் தி. நகர் வந்தது. அங்கே ஒரு துணிக்கடையில் இரண்டு தீபாவளிக்குப் புடவைப் பிரிவில் நின்றிருக்கிறேன். வந்த முதல் நாளே சூப்பர்வைசர் சொல்லிவிட்டார், "இல்லன்னு சொல்லாத. 'வரும்'னு சொல்லு."

"இதே கலர்ல பெரிய பார்டர் இருக்காப்பா?"

"வரும்மா."

"எப்ப வரும்?"

"வந்துரும்மா. இத மட்டும் கட்டிப் பாருங்க."

அந்தக் கடையில் 'வரும்' என்று சொல்லப்பட்ட எதுவும் வந்து நான் பார்த்ததில்லை. வாங்க வருகிறவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தே கேட்பார்கள், தெரிந்தே சொல்வோம். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

கோடம்பாக்கத்தில் செட் போடும் வேலையில் அது 'ஆயிடும்'. எதைக் கேட்டாலும் "ஆயிடும்ணே" என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு தடவை விடிவதற்குள் கோபுரம் நிற்க வேண்டும் என்றார்கள். முந்தின நாள்தான் பிளாஸ்டர் பூசியிருந்தோம், மழை வேறு. "ஆவாதுண்ணே, காயாது" என்றேன். என்னை ஓரமாகப் போய் நிற்கச் சொன்னார்கள். காலையில் கோபுரத்தின் மேல் பாதி மெதுவாகச் சரிந்து கீழ்ப் பாதியின் மடியில் உட்கார்ந்துகொண்டது. டைரக்டர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காட்சியை மாற்றி, பாழடைந்த கோயில் என்று எடுத்தார். தத்ரூபமாக வந்திருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள். என்னை மட்டும் மறுநாள் கூப்பிடவில்லை.

ஒரு வார்த்தைதான்

'தேறாது' என்ற வார்த்தையை முதலில் எனக்குச் சொன்னது பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்பு முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். தலைப்பு 'தேறியவர்கள்'. தேறாதவர்களுக்குத் தனிப் பட்டியல் கிடையாது. அதனால் இருக்கிற பட்டியலையே மூன்று முறை மேலிருந்து கீழ் படித்தேன். 'ஏ'வில் தொடங்கும் பெயர் ஒன்றுகூட இல்லை. என் பெயர் ஏழுமலை.

நாங்கள் அப்போது ஆற்றோரம் குடிசையில் இருந்தோம். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தபோது அப்பா மனு கொடுத்தார். பதில் வந்தது. 'தங்கள் மனுவின் மீது ஆவன செய்யப்படும்.' அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. தேறாத நான்தான் படித்துக் காட்டினேன்.

"ஆவனன்னா இன்னாடா? செய்வானா, மாட்டானா?"

"தெர்லப்பா."

அப்பா அந்தக் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆவாதுன்னே எழுதியிருக்கலாம்ல. ஒரு வார்த்ததானே."

ஆகவில்லை. லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து, நோயில் படுத்துவிட்ட அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர இரண்டு பஸ் மாற வேண்டும். வார்டில் டாக்டரிடம் அப்பா "பொழைக்குமா?" என்று கேட்டார். டாக்டர், "பாக்கலாம்" என்றார். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. வெளியே போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். எனக்குப் புரியவில்லை. பார்க்கலாம் என்றால் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். மூன்று நாள் பார்த்தோம்.

அந்த வார்த்தை என் வாயில் வராததற்கு அதுதான் காரணம் என்று சொன்னால் எழுத்துக்கு நன்றாக இருக்கும். உண்மையா என்று தெரியவில்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

டில்லியின் வண்டி

மந்தைவெளிக்கு நான் வந்து சேர்ந்தபோது வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது. மெட்ரோ வேலைக்காகப் பாதித் தெருவைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். தகரத்தைச் சுற்றி, மயிலாப்பூர் பக்கம் இரண்டு தெரு உள்ளே போனால், பழைய மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றின் கேட்டருகே டில்லியின் இஸ்திரி வண்டி நிற்கும். டில்லி நான் செட் வேலை செய்த காலத்துச் சிநேகிதன். ஊரில் எங்கே வேலை காலி என்று அவனிடம்தான் தெரியும். எல்லா வீட்டுத் துணியும் அவனிடம் வருகிறது, துணியோடு கதையும் வருகிறது.

"இன்னா மச்சி, வேல நேரத்துல இந்தாண்ட வந்து நிக்கிற? தொரத்திட்டானா?"

"நானே வந்துட்டேன்."

"இன்னாத்துக்கு?"

"ஒரு வார்த்தைக்கு."

"கெட்ட வார்த்தையா?"

"தேறாதுன்னு சொன்னேன்."

டில்லி கரிப் பெட்டியைத் தூக்கி ஊதினான். "அதுவும் கெட்ட வார்த்ததான் மச்சி."

அப்போது மாடியிலிருந்து ஒரு அம்மாள் துணி மூட்டையோடு இறங்கி வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். வைதேகி மாமி, இரண்டாவது மாடி. மூட்டையை வண்டிமேல் வைத்தார், துணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"டில்லி, அந்த ஆம்புலன்ஸ்காரா மறுபடியும் ஏதாவது சொன்னாளா?"

"போன் பண்ணேன் மாமி. பாக்கலாம்னாங்கோ."

மாமி தலையசைத்தார். "எல்லாரும் பாக்கலாம்கறா. யாரும் திரும்பி வந்து பார்க்க மாட்டேங்கறா. நாளைக்குக் காலம்பற எட்டு மணிக்கு அவர் அண்ணா கிளம்பிடறார்."

விஷயம் இதுதான். மாமியின் கணவர் சேஷாத்ரிக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் வராது. லிஃப்ட் இல்லாத வீடு. இருபது மாதமாக அவர் மாடியை விட்டு இறங்கவில்லை. அவருடைய அண்ணன் இரண்டு தெரு தள்ளி மந்தைவெளியில் இருக்கிறார். எண்பது தாண்டியவர், முழங்கால் போய்விட்டது, படி ஏற முடியாது. அண்ணனும் தம்பியும் பத்து நிமிட தூரத்தில் இருந்துகொண்டு இருபது மாதமாகப் பார்த்துக்கொள்ளவில்லை. இப்போது அண்ணனை மகள் கோயம்புத்தூருக்கு ஒரேயடியாக அழைத்துப்போகிறாள். வீட்டைக்கூடக் காலி செய்தாயிற்று.

"போன்ல பேச மாட்டாங்களா?" என்று டில்லியிடம் மெதுவாகக் கேட்டேன். மாமிக்குக் கேட்டுவிட்டது.

"அண்ணாவுக்குக் காது கேக்காது. வீடியோ போட்டா நெத்திதான் தெரியறது. இவர் இங்கேர்ந்து கத்துவார், அவர் அங்கேர்ந்து 'என்ன, என்ன'ம்பார். கடைசியில ரெண்டு பேரும் சோர்ந்துபோய் வெச்சுடுவா."

டில்லி என் முதுகில் தட்டினான். "மாமி, இவன் ஏழுமல. எத வேணா தூக்குவான். ஆனா வாயி கொஞ்சம் சரியில்ல. உள்ளத உள்ளபடி சொல்லிடுவான்."

"அப்படி ஒருத்தர் வந்தாத் தேவலை" என்றார் மாமி. "வாப்பா, வந்து படியைப் பாரு."

முப்பத்தாறு படி

மொத்தம் முப்பத்தாறு. என் சாணுக்கு நாலேகால் சாண் அகலம். நேர்ப்படி பிரச்சினை இல்லை. திருப்பத்தில்தான் சிக்கல். சமதளம் விடாமல், இடத்தை மிச்சம் பிடிக்க, படிகளையே விசிறி மாதிரி கட்டியிருந்தார்கள். உள்பக்கம் நாலு விரல்கூட இல்லை. போன வாரம் வந்த ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரை அங்கேதான் திருப்ப முடியாமல் நின்றிருக்கிறார்கள். சுவரில் அது உரசிய கோடு இருந்தது.

உள்ளே பின்பக்க ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் சேஷாத்ரி உட்கார்ந்திருந்தார். கனமான உடம்பு. முகத்தில் பவுடர் வாசனை. வாய் லேசாகக் கோணியிருந்தது, ஆனால் பேச்சு தெளிவு.

நான் அவரை விட்டுவிட்டு நாற்காலியைப் பார்த்தேன். பட்டறைப் பழக்கம். சக்கரத்தை ஆட்டினேன். கால் வைக்கும் தகட்டை இழுத்தேன். தூக்குகிறவர்கள் பிடிப்பதற்கு வாட்டமாக இருக்குமா என்று கைப்பிடியை மேலே தூக்கிப் பார்த்தேன். அது கழன்று, அதன்மேல் வைத்திருந்த அவர் முழங்கையையும் தூக்கிக்கொண்டு, என் கையோடு வந்துவிட்டது. படியில் பாதி வழியில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன்.

"இது தேறாது மாமி" என்றேன்.

மாமி முந்தானை நுனியை வாயில் வைத்துக்கொண்டார். வாசலில் நின்ற டில்லி "டேய்" என்றான். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. நோயாளி உட்கார்ந்திருக்கும் வீட்டில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம்.

சேஷாத்ரிதான் முதலில் பேசினார்.

"டாக்டர்கூட இவ்வளவு தெளிவாச் சொல்லலைடி."

"சார், நான் நாற்காலியச் சொன்னேன்."

"நாற்காலியையா?"

என்ன செய்வதென்று தெரியாமல் பையிலிருந்து புல்லியை எடுத்தேன். ஜன்னல் கம்பியில் தட்டினேன். 'டொக்' என்றது. "எங்க பட்டறையில இப்படித்தான் சார் பாப்போம். சத்தம் மொண்ணையா வந்தா தேறாது. பொருளுக்குச் சொல்ற வார்த்த அது. ஆளுக்குச் சொல்லல."

அவர் இடது கையை நீட்டினார். புல்லியை வாங்கி அவரே கம்பியில் தட்டிப் பார்த்தார். டொக். இன்னொரு முறை. டொக்.

"என்னைத் தட்டினாலும் இப்படித்தான் கேக்கும்" என்றார். பிறகு நேராக என்னைப் பார்த்தார். "சரி, நாற்காலி தேறாது. நான்?"

"நீங்க தேறுவீங்களான்னு எனக்குத் தெரியாது சார். படி எறங்குவீங்க."

மாமி முந்தானையை வாயிலிருந்து எடுத்தார்.

"ஏறுவேனா?"

"அதுதான் கஷ்டம். எறக்க மூணு பேர் போதும். ஏத்த நாலு பேர் வேணும். நடுவுல ரெண்டு தபா கீழ வெச்சு மூச்சு வாங்கணும். திருப்பத்துல உங்களுக்குப் பயமா இருக்கும். எங்களுக்கும் இருக்கும்."

"இதுவரைக்கும் எல்லாரும் எறக்கறதைப் பத்தித்தான் பேசினா" என்றார் மாமி. "திரும்பி ஏத்தணுமேன்னு யாருமே சொல்லலை. எனக்கே தோணலை."

ஒத்திகை

சாப்பாட்டு மேஜையிலிருந்து கைப்பிடி இல்லாத மர நாற்காலி ஒன்றை எடுத்தேன். தேக்கு. தட்டிப் பார்த்தேன், தேறும். சேஷாத்ரி உடுத்தும் எட்டு முழ வேட்டி இரண்டை முறுக்கிக் கட்டினால் மார்புக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று. முதுகுப் பக்கம் இரண்டு பேர், முன் காலைப் பிடித்து ஒருவர்.

மூன்றாவது ஆளாகத் தண்ணீர் கேன் போடும் முருகேசன் கிடைத்தான். தினம் இரண்டு கேனை இரண்டு தோளில் வைத்து அந்தப் படியில் ஏறுகிறவன். எந்தப் படி உடைந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். சேஷாத்ரி எடைக்குக் கொஞ்சம்தான் குறைவு, அதனால் ஒத்திகைக்கு அவனையே உட்கார வைத்தோம். முன் காலைக் கீழ்வீட்டு ஐ.டி. கம்பெனிக்காரர் பிடித்தார். ஜிம்முக்குப் போகிறவர்.

"மாப்ள அழைப்பு மாதிரி கீது" என்றான் டில்லி. "முருகேசா, சிரிடா, போட்டோ எடுக்கறாங்கோ."

"பேசாம தூக்குடா. வுட்டுடப் போற."

திருப்பத்தில் பின் கால் சுவரில் இடித்து நின்றுவிட்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. முருகேசன் சிரிப்பதை நிறுத்திவிட்டான். மெதுவாக மேலே இரண்டு படி ஏற்றி, அங்கே நாற்காலியைத் திருப்பி, முதுகு முன்னால் போகும்படி இறக்கினோம். போயிற்று. மறுபடி ஒரு முறை செய்து பார்த்தோம். மூன்றாம் முறை இடிக்கவே இல்லை.

எல்லாவற்றையும் சேஷாத்ரி மேலே கதவருகே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முடித்து ஏறி வந்தபோது என்னைப் பற்றி விசாரித்தார். ஆற்றோரம் இருந்தது, மனு கொடுத்தது, பதில் வந்தது எல்லாம் சொன்னேன்.

"ஆவன செய்யப்படும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "நான் இருந்தது வேற கவர்மெண்ட் ஆபீஸ். ஆனா நானும் அதை ஆயிரம் தடவை எழுதியிருக்கேன்."

"அதுக்கு என்ன சார் அர்த்தம்? எங்க அப்பா கடைசி வரைக்கும் கேட்டாரு."

"கட்டி அலமாரியில வைன்னு அர்த்தம்." பிறகு, "அப்பா இருக்காரா?"

"இல்ல சார்."

அவரிடமிருந்து வேறு எதையும் நான் எதிர்பார்க்கவில்லை. மாமி கொண்டுவந்த காபி ஆறுவதற்குள் குடித்தேன்.

மறுநாள் காலை

டில்லி வீட்டில் படுத்து எழுந்து ஏழு மணிக்கு வந்துவிட்டோம். சேஷாத்ரி சலவை வேட்டியில், நெற்றியில் ஒற்றைக் கோட்டோடு, மர நாற்காலியில் தயாராக இருந்தார். டில்லியின் சட்டையில் கரி வாசனை, அவரிடம் பவுடர் வாசனை. தூக்கினோம்.

மாமி எங்களுக்குப் பின்னால் ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே இறங்கினார். திருப்பம் வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டார். சேஷாத்ரி கண்களை இறுக மூடிக்கொண்டார். அவருடைய இடது கை என் சட்டைக் காலரைப் பிடித்திருந்தது. எனக்கு மூச்சு முட்டியது, விடுங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. முருகேசன் "உடைஞ்ச படி, உடைஞ்ச படி" என்று முன்னாலேயே சொன்னான். முதுகு முன்னால் போக, நாற்காலி திரும்பியது. மாமி மறுபடி எண்ண ஆரம்பித்தார்.

கேட்டருகே வைத்ததும் அவர் கண்ணைத் திறந்தார்.

"பூவரச மரம் எங்கே?"

"வெட்டிட்டாங்க சார், போன வருஷமே" என்றான் டில்லி.

"அந்தச் சத்தமா அது? நான் யாரோ ஓடு அறுக்கறான்னு நெனச்சிண்டிருந்தேன்."

தெருவுக்குச் சக்கர நாற்காலி போதும், அதை முதலிலேயே இறக்கி வைத்திருந்தோம். மாற்றி உட்கார வைத்து, தகரத் தடுப்பைச் சுற்றித் தள்ளிக்கொண்டு போனோம். இரும்புத் தகடு போட்ட இடங்களில் சக்கரம் குதித்தது. அவர் இரண்டு பக்கமும் கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார்.

அண்ணன் வீட்டு வாசலில் காரின் பின் கதவு திறந்திருந்தது. பெட்டிகள் ஏறிவிட்டன. அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில், வாக்கரை முன்னால் வைத்துக்கொண்டு, கேட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வருவது அவருக்குத் தெரியாது. மாமி சொல்லவில்லை. நடக்காமல் போனால் அவர் காத்திருக்கக் கூடாது என்று.

தம்பியைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. நாங்கள் நாற்காலியை முட்டிக்கு முட்டி இடிக்கும் அளவுக்குக் கொண்டுபோய் நிறுத்தினோம். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அண்ணன், காது கேட்காதவர்கள் பேசும் உரத்த குரலில் கேட்டார்:

"சேஷு! உடம்பு தேறித்தாடா?"

"தேறலைண்ணா!" என்று தம்பி கத்தினார்.

"தேறிடுத்தா!" அண்ணனின் முகம் முழுவதும் விரிந்தது. "நான் சொன்னேனோல்லியோ! எல்லார்கிட்டயும் சொல்லிண்டே இருந்தேன், தேறிடுவான், எறங்கி வருவான்னு!"

மாமி திருத்துவதற்கு வாயெடுத்தார். சேஷாத்ரி இடது கையை லேசாகத் தூக்கினார்.

"ஆமாண்ணா" என்றார். "தேறிடுத்து."

அண்ணன் குனிந்து தம்பியின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். அந்தக் கையில் உணர்ச்சி கிடையாது. அவருக்கு அது தெரியாது. கார் கிளம்பும் வரை அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

தேறாததைத் தேறும் தட்டில் கொட்டிவிட்டார்கள் என்று முந்தின நாள் வேலையை விட்டு வந்தவன் நான். என் கண் முன்னால் அதேதான் நடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நைனா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

திரும்பும்போது சேஷாத்ரி கடைப் பலகை எதையும் படிக்கவில்லை. குடியிருப்பின் கேட்டுக்குள் வந்து, மர நாற்காலிக்கு மாற்றி, வேட்டியை முறுக்கிக் கட்டினோம். நாலாவது ஆளுக்குக் கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட்டோம். அவர் வருவதற்குள், வெட்டிய மரம் நின்ற இடத்தைப் பார்த்தபடி சேஷாத்ரி கேட்டார்:

"ஏழுமலை, தினம் எறக்க முடியுமா?"

"பாக்க..." என்று டில்லி ஆரம்பித்தான்.

"தினம் ஆவாது சார்" என்றேன். "நாலு பேர் தினம் சேரமாட்டாங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் ஆவும்."

மாமி உடனே கேட்டார். "எந்த ரெண்டு நாள்?"

முருகேசனைப் பார்த்தேன். தனக்குக் கேன் குறைவாக இருக்கும் நாட்களை விரல் விட்டுச் சொன்னான். கீழ்வீட்டுக்காரர் வாயில் பற்பசை நுரையோடு வந்து, செவ்வாய்க்கிழமை தனக்கு வீட்டிலிருந்தே வேலை என்றார்.

"செவ்வா, சனி" என்றேன். "மத்த நாள் சாருக்குக் குளிக்க வெக்க, கால அசைச்சு விட, நான் இருக்கேன்."

"சம்பளம்?" என்றார் மாமி.

"ஏத்திட்டுப் பேசலாம் மாமி."

ஆளுக்கொரு மூலையைப் பிடித்தோம். திருப்பத்துக்கு முன்னால் ஒரு தடவை, தாண்டி ஒரு தடவை, சொன்னபடி இரண்டு முறை கீழே வைத்து மூச்சு வாங்கினோம்.